கையெழுத்துப் போடாதவள்

பெங்களூரு
18 பிப்ரவரி 2024

அன்புள்ள பானு,

உன் எண்ணுக்கு அழைத்தால் ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. சேலத்தில் படித்தபோது விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நான் அரூரிலிருந்தும் நீ மாரண்டஹள்ளியிலிருந்தும் எழுதிக்கொள்வோமே, அந்த விலாசம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

செயற்கைக்கோள் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் காலை நேரத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ராக்கெட்டிலிருந்து பிரிந்தது, சிக்னல் வந்தது, எல்லாம் நல்லபடியாக. ஆன்டெனாவின் இறக்கைகளை விரிக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினோம். இடது இறக்கை பச்சை காட்டியது. வலது காட்டவில்லை. பிறகு அதுவும் பச்சைக்கு மாறியது. எல்லோரும் கத்தினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எம்.டி. என் கையைப் பிடித்து விடவே இல்லை. நான் திரும்பி உன் இருக்கையைப் பார்த்தேன். யாரோ அதில் பையை வைத்திருந்தார்கள்.

நீ பயந்த அந்த வலது இறக்கைக் கீல் வேலை செய்துவிட்டது, பானு. அதை வரைந்தவள் நீ. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நவம்பரில் நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து உன் இடத்தை நிரப்ப முடியவில்லை. யுவராணியைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நல்ல பெண், ஆனால் உன்னிடம் இருந்தவரை எல்லாவற்றையும் உன்னையே கேட்டுப் பழகிவிட்டாள். இரண்டாவது செயற்கைக்கோள் வேலை தொடங்கிவிட்டது. நானே திட்ட மேலாளர். எம்.டி.யிடம் பேசிவிட்டேன். நீ வந்தால் பழைய பொறுப்பு அப்படியே காத்திருக்கிறது. நடந்ததை மறந்துவிடலாம்.

வந்துவிடு.

வாணி


மாரண்டஹள்ளி
5 மார்ச் 2024

வாணி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சாமி படத்துக்குக் கீழே கிடந்தது. கவரைப் பார்த்துவிட்டு விவாகரத்துக்கு அறிவழகன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் என்று அம்மா பயந்துவிட்டாள். "இது என்னான்னு பாரு கண்ணு, பெங்களூருலேர்ந்து வந்துருக்குது" என்று நேற்றுத்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

இறக்கை திறந்தது எனக்குத் தெரியும். யுவராணி அன்றைக்கே சொல்லிவிட்டாள். அப்போது நான் அப்பாவோடு தோட்டத்தில் தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து அழுதேன். அப்பா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். "ராக்கெட்டு வெடிச்சுப்போச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா, நல்லபடியா போயிருச்சு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். சந்தோஷம் இருந்தது, அது என் கீல். அது மட்டும் இல்லை. திறக்காமல் போயிருந்தால் இந்த ஊரில் என் நிலைமை கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைக்க வைத்தாயே என்று உன்மேல்தான் கோபம் வந்தது.

நடந்ததை மறந்துவிடலாம் என்கிறாய். என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

செயற்கைக்கோளை அனுப்பலாம் என்று நான் கையெழுத்துப் போட மறுத்ததற்காகவோ, நீ என்னை மீறி அதை அனுப்பத் துணிந்ததற்காகவோ நான் வேலையை விடவில்லை. அது உன் வேலை, முடிவெடுக்க வேண்டியவள் நீ. நவம்பரில் நடந்த அந்த இறுதிக் கூட்டத்தில், சரிபார்க்க வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் முன்னால் நான் எழுந்து சொன்னேன்: குளிர்ச் சோதனையில் வலது கீல் தாமதமாகத் திறந்தது, விதித்த எல்லைக்குள்தான், ஆனால் ஏன் என்று தெரியவில்லை, இன்னொரு முறை சோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். அப்போது நீ சொன்னாய்.

"பானுவுக்கு வீட்டுல கொஞ்சம் கஷ்டமான நேரம் சார். ரொம்ப நாளா சரியா தூக்கமில்ல. நாம கொஞ்சம் புரிஞ்சுக்கணும்."

எவ்வளவு மென்மையாகச் சொன்னாய்! அந்தப் பெரியவர் பேனாவை மூடிவிட்டார். யாரோ தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு கீலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறிவழகன் என்னை விட்டுப் போனது அந்த நிறுவனத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நான் வரவில்லை.

பானுமதி


பெங்களூரு
2 ஏப்ரல் 2024

பானு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

முதலில் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதினேன். பிறகு அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஆமா மேடம், சொன்னீங்க. நல்லவேளை அன்னைக்கு நீங்க சமாளிச்சீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

ஆனாலும் நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய். ராக்கெட்டில் நமக்குக் கிடைத்த இடம் அந்த ஒன்றுதான். அதை விட்டால் அடுத்த இடம் ஒரு வருடம் கழித்து. பணம் போட்டவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள், அறுபது பேருக்கு வேலை போய்விடும் என்று எம்.டி. என்னிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ எழுந்து பேசியபோது அவர் என் பக்கம் குனிந்து, "இவங்களை டீம்ல இருந்து எடுத்துருங்க" என்றார். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். குறைந்தபட்சம் அந்த நேரத்தில் அப்படித்தான் நம்பினேன்.

என் மனதிலும் ஒன்று இருக்கிறது. இதுவரை சொன்னதில்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்பதை நீ ஏன் என்னிடம் முதல் நாளே சொல்லவில்லை? அத்தனை பேர் முன்னால்தான் எனக்கே தெரிய வேண்டுமா? ஒரு பெண் திட்ட மேலாளராக வந்ததை அந்த அறையில் எத்தனை பேர் ரசிக்கவில்லை என்று உனக்குத் தெரியாதா? ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோம், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். இன்னொருத்தி செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எனக்குக் கீழே தரை நழுவிய மாதிரி இருந்தது. விழாமல் இருக்கக் கையில் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது நீ என்னிடம் சொன்ன விஷயம்.

எழுதிப் பார்க்கும்போது இது நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

வாணி


மாரண்டஹள்ளி
16 ஜூன் 2024

வாணி,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. தர்மபுரிக் கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் அறிவழகனும் நீதிபதி முன்னால் இரண்டு நிமிடம் நின்றோம். வெளியே வந்ததும் அவன், "சாப்பிட்டியா?" என்று கேட்டான். "சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை.

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். வந்தேன். சாயங்காலம் உன் அறைக்கு வெளியே நின்றேன். நீ போனில் இருந்தாய். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்து, "ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டினாய். நான் நின்றுகொண்டே இருந்தேன். நீ நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேசினாய். வக்கீல் என்னை அழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் போய்விட்டேன். ராத்திரி உனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நீயே கூப்பிடட்டும் என்று ஒரு வீம்பு. அது என் பங்கு. அதை மறைக்கப் போவதில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். வண்டிகளுக்குக் கதவுக் கீல் செய்கிறார்கள். சிரிக்காதே. தரம் பார்க்கும் பிரிவு. கம்பெனி பஸ் விடிகாலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு கீல் கெட்டால் அடுத்ததை எடுத்து மாட்டுகிறார்கள். மேலே போனால் யாரும் தொட முடியாது என்ற பயம் இல்லாத வேலை. தூக்கம் வருகிறது. ஆனால் காலையில் எழும்போது எதற்காக எழுகிறேன் என்று தெரியவில்லை.

ஊரில் விதவிதமாகப் பேசுகிறார்கள். மார்க்கெட்டில் ஒரு அம்மாள் என் காதுபடவே கேட்டார்: "நஞ்சப்பன் மவ ராக்கெட்டு வுடப் போனாளே, இப்ப வூட்டுக்கே வந்துட்டாளாமா?" அம்மா விட்டாளா? "அவ வுட்டது மேலதான் சுத்திக்கிட்டு இருக்குதுங்க, நீங்க அண்ணாந்து பாருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். அங்கே மேலே போய் வலது இறக்கை விரிய எவ்வளவு நேரம் எடுத்தது?

பானு


பெங்களூரு
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பானு,

கண்ணாடிக் கதவு எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்துப் பார்த்தும் வரவில்லை. போனில் யாரோடு பேசினேன், என்ன பேசினேன் என்பதும் தெரியவில்லை. உன்னை நிற்க வைத்துவிட்டு நான் பேசிய அந்தப் பேச்சால் உலகத்தில் என்ன மாறியது என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: சோதனையில் எவ்வளவு தாமதமாக விரிந்ததோ, கிட்டத்தட்ட அதே அளவு. இடது இறக்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். செயற்கைக்கோள் அனுப்பிய தகவலை யுவராணியோடு உட்கார்ந்து பார்த்தேன். திறந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதுவரை யாரும் அதைப் பார்க்கவே இல்லை. உன் பயம் சரியா தவறா என்று இதை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. நீ சொல்வாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பார். போன சனிக்கிழமை பாலக்கோட்டில் சித்தி மகள் கல்யாணம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அங்கிருந்து மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் வீடு வந்ததும்தான் என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லையென்று தெரிந்தது.

அம்மா வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டார். "அரூர் வாணிதான கண்ணு? வா, வா. பானு கம்பெனி பஸ்ஸுல ஏழு மணிக்குத்தான் வருவா. இருந்து பாத்துட்டுப் போ."

காபி கொடுத்தார். கொஞ்ச நேரம் ஊர் விஷயம் பேசினார். பிறகு கேட்டார்.

"முன்னெல்லாம் அவளுக்கு வாணி, வாணின்னு வாய் ஓயாது. இப்ப உம் பேரையே எடுக்கறதில்ல. என்ன கண்ணு நடந்துச்சு உங்க ரெண்டு பேருக்குள்ள?"

"வேலையில ஒரு சின்னப் பிரச்சினைங்கம்மா."

"சின்னதுன்னா இத்தன நாளு இருக்குமா?"

குனிந்து மிச்சக் காபியைக் குடித்தேன். உன் அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். அவர் என்னைப் பார்த்து, "பெரிய எடத்துல இருக்கறியாம்மா, எம் புள்ளைக்கும் அங்க ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று கேட்டார். நான்தான் உன் வழியை அடைத்தவள் என்று அவருக்குத் தெரியவில்லை. நீ சொல்லவே இல்லை. அதைத் தாங்க முடியாமல் ஆறரை மணிக்கே எழுந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு கம்பெனி பஸ் வருவதைப் பார்த்தேன். நான் ஏறிய வண்டி அப்போதுதான் கிளம்பியது. இறங்கவில்லை.

வாணி


மாரண்டஹள்ளி
8 செப்டம்பர் 2024

வாணி,

அன்று அந்த பஸ்ஸில்தான் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள், உனக்கும் சேர்த்து. "தோ, இப்பத்தான் போனா, ஓடு, பஸ்ஸு நிக்கும்" என்றாள். ஓடினேன். நாற்பது வயதை நெருங்கும் ஒருத்தி கையில் சாப்பாட்டுப் பையோடு கடைத்தெருவில் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுகிறாய்.

கீலைப் பற்றி: இரண்டு முறையும் ஒரே அளவு தாமதம் என்றால் அது அதன் இயல்பு. பயப்பட வேண்டியது ஒரு தடவை ஒரு மாதிரியும் மறு தடவை வேறு மாதிரியும் நடப்பதைத்தான். ஒரே ஒரு சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இரண்டாவது சோதனை கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

இரண்டாவது செயற்கைக்கோளுக்குக் கீல் புதிதாகச் செய்திருப்பீர்கள். பழையதைப் போலவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இதை உனக்காக எழுதவில்லை. கீலுக்காக எழுதுகிறேன்.

பானு


பெங்களூரு
19 ஜனவரி 2025

அன்புள்ள பானு,

நீ ஓடியது என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பதில் எழுத முடியாமல்தான் இத்தனை மாதம்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். வேறு யார் மூலமாவது உனக்குத் தெரிய வேண்டாம்.

இரண்டாவது செயற்கைக்கோளின் இறுதிக் கூட்டம் டிசம்பர் முதல் வாரம் நடந்தது. அதே அறை. குளிர்ச் சோதனை ஒரு முறை நடந்து முடிந்திருந்தது. இடது இறக்கை இந்தத் தடவை தாமதம். எல்லைக்குள்தான். யுவராணி எழுந்து, இன்னொரு சோதனை இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்றாள். அதற்கு மூன்று நாள் முன்பே என்னிடம் வந்து சொல்லியிருந்தாள். நானும் கதவைச் சாத்திக்கொண்டு முழுதாகக் கேட்டேன். ஆனால் என்ன செய்வேன் என்று அவளிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

அவள் பேசி முடித்ததும் எம்.டி. சிரித்தார். "மாசியில கல்யாணம்மா உனக்கு. மனசு இங்க இல்ல. போய் பத்திரிகை வை" என்றார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பானு. பாசமாகத்தான். அவள் உட்காரப் போனாள்.

"கல்யாணத்தைப் பத்தி இங்க யாரும் பேச வேண்டாம்" என்றேன். "யுவராணி, உக்காராதீங்க. கீலைப் பத்திச் சொல்லுங்க. முழுசா சொல்லுங்க."

அவள் சொன்னாள். நான் இன்னொரு சோதனைக்கு உத்தரவு போட்டேன். அதற்கு மூன்று வாரம் வேண்டும். ராக்கெட்டில் நம் இடம் கைவிட்டுப் போனது.

சோதனை நடந்த அன்று நானும் யுவராணியும் குளிரூட்டிச் சோதிக்கும் சேம்பருக்கு வெளியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இறக்கை சிக்கிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு திட்ட மேலாளர் தன் செயற்கைக்கோள் கெட்டுப்போக வேண்டிக்கொள்வதை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? சிக்கியிருந்தால் நான் புத்திசாலி. ஆனால் இரண்டு இறக்கையும் முதல் தடவை எப்படி விரிந்தனவோ அப்படியே விரிந்தன. யுவராணி அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, உன்னிடமிருந்து நான் எதைப் பறித்தேன் என்று முதல் முறையாகப் புரிந்தது.

போன வாரம் எம்.டி. கூப்பிட்டார். "ஒண்ணுமில்லாததுக்கு ஒரு இடத்தை விட்டுட்டீங்க வாணி" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஆலோசகர் என்று ஒரு பெயர், மாடியில் ஒரு சின்ன அறை. வாசலில் இருக்கும் காவலாளிக்குக்கூட விஷயம் தெரிந்திருக்கிறது. முன்பைவிட மரியாதையாக வணக்கம் சொல்கிறார்.

உனக்காகச் செய்தேன் என்று எழுத மாட்டேன். ஒரு வருடம் பிந்தி, வேறொருத்திக்குச் செய்ததை உன் கணக்கில் எழுத எனக்கு உரிமை இல்லை.

வாணி


மாரண்டஹள்ளி
23 பிப்ரவரி 2025

அன்புள்ள வாணி,

ரொம்ப நாளைக்குப் பிறகு "அன்புள்ள" என்று எழுதுகிறேன். கீழே எழுதப்போவதைச் சுலபமாக்க எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோதே மனதுக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன்.

உனக்கு நடந்ததைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரும் என்று முன்பு நினைத்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்பதுதான் உண்மை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தக் கூட்டத்திலிருந்து. அவர், "அந்தப் புள்ள அன்னைக்கு நம்ம வூட்டுல தலைய குனிஞ்சுக்கிட்டே காபி குடிச்சுச்சு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். உன்னைத் திட்டவில்லை.

ஒரு கணக்கு என்னை விடவில்லை. அன்று நான் கேட்ட சோதனையை நீ செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நன்றாகத் தெரியும். வலது இறக்கை அதே அளவு தாமதமாக விரிந்திருக்கும். அதன் இயல்பு அதுதான் என்று நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். நாம் இரண்டு பேரும் அன்று சாயங்காலம் எதிரில் இருக்கும் கடைக்கு டீ குடிக்கப் போயிருப்போம். உன்னைத் திட்டியிருப்பேன், நீ என்னைத் திட்டியிருப்பாய். மூன்று வாரம், வாணி. அந்த மூன்று வாரம் இல்லையென்றுதான் இருபது வருடத்தைக் கொடுத்தோம்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

போன புதன்கிழமை உன் எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மேடம், நாங்கதான் கேக்கல" என்றார். அந்தக் குரலை நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். யுவராணிதான் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதத்தில் வேறொரு ராக்கெட்டில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. செயற்கைக்கோளை முழுதாகத் தெரிந்த ஆள் வேண்டுமாம். என்னைத் திட்ட மேலாளராக வரச் சொன்னார்.

உன் நாற்காலி.

வேண்டாம் என்று சொல்வேன் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தோட்டத்தில் நடந்தேன். உனக்குச் செய்ததை நினைத்து அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று முயற்சி செய்தேன். வந்தது. ஆனால் அதற்கடியில், அந்தச் சேம்பர் அறையின் வாடையும், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு உள்ளே நுழையும் அந்த நொடியும்தான் நினைவுக்கு வந்தன. ஓசூரில் நான் உயிரோடுதான் இருக்கிறேன். வேறொன்றும் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும், வாணி. நான் மேலே பார்த்துச் செய்த வேலை அது ஒன்றுதான். அதை நான் கோபித்துக்கொண்டு விட்டுவிட்டு வந்தேனே தவிர, வேண்டாம் என்று விட்டுவிட்டு வரவில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டிருந்தால் நீ போகச் சொல்லியிருப்பாய், பிறகு அது நீ கொடுத்ததாக ஆகியிருக்கும்.

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, சேர்கிறேன். நீ மாடியில் இருப்பாய். நாம் எப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

பானு


பெங்களூரு
28 பிப்ரவரி 2025

அன்புள்ள பானு,

உன் கடிதம் நேற்று வந்தது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். ஆபீசில்தான் பிரித்தேன். படித்துவிட்டு மாடி அறையின் விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தேன். வலித்தது. வலிக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலிக்கு வேறு யார் வந்திருந்தாலும் இப்படி வலித்திருக்காது. வேறு யார் வந்திருந்தாலும் இவ்வளவு நிம்மதியும் இருந்திருக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன.

நீ சரி என்று சொன்னது சரி. என்னைக் கேட்காமல் சொன்னதும் சரி.

யுவராணியின் கல்யாணம் நன்றாக நடந்தது. அவள் புதன்கிழமைதான் வேலைக்குத் திரும்புவாள். அதுவரை செயற்கைக்கோளை வைத்து மூடியிருக்கும் பெட்டியை யாரையும் திறக்க விடாதே. பேட்டரி கொடுப்பவர்கள் தேதி சொன்னால் அதோடு பத்து நாள் சேர்த்துக்கொள். எம்.டி. காலையில் கோபமாக இருந்தால் மத்தியானம் போய்ப் பேசு, மாறிவிடுவார். அறுபது பேர் வேலை என்று சொல்வார். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் உன் கண்ணைப் பார்க்கிறாரா என்று கவனி. வேறென்ன, உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

நான் இன்று வேலையை விட்டுவிட்டேன். மாடியில் இருந்து உன்னைப் பார்க்கக் கூடாது என்பதற்காக இல்லை. நீ கீழே போகும்போதும் வரும்போதும் மேலே பார்க்க வேண்டியிருக்குமே, அதற்காக. ஐதராபாத்தில் ஒரு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. சின்ன ராக்கெட் செய்கிறார்கள். ஏப்ரலில் போவேன். அதுவரை அரூரில் அம்மாவோடு இருக்கிறேன்.

என் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் உன் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் ஓசூரில் ஒன்றையொன்று தாண்டிப் போனாலும் போகும். இறங்கி உன்னைத் தேடுவேன் என்று எழுதத்தான் ஆசை. எழுதிவிட்டுச் செய்யாமல் போனால் இதற்கு மேல் என்னை நானே மன்னிக்க மாட்டேன். அதனால் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலையில் வாசலில் உனக்கு அடையாள அட்டை தயாராக இருக்கும். போட்டோ பழையதுதான், நாம் சேர்ந்த வருடம் எடுத்தது. மாற்றச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். நீ உள்ளே வரும்போது கைகொடுத்து அழைத்துப் போக எதிரே நிற்க வேண்டியவள் நான். அதற்கான தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, பானு.

உன்
வாணி